நிலத்துக்குக் கீழே சில புள்ளிகள்

கடத்தூர் வீட்டு மாடி அறையின் ஜன்னல் கண்ணாடியில் அண்ணி மூன்று பிளாஸ்டிக் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார். மழை சற்று விட்டிருந்த காலை. வெளியே வெளிச்சம் கலங்கலாக இருந்தது. மூன்று தாள்களிலும் ஒரே மலைச்சரிவின் எல்லைக்கோடு அச்சாகியிருந்தது. கோட்டுக்கு உள்ளே மட்டும் வெவ்வேறு நிறங்கள். ஒன்றில் வெளிறிய மஞ்சள், சரிவு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக. இன்னொன்றில் பழுப்புத் திட்டுகள். மூன்றாவதில் அங்கங்கே கறுப்புக் கோடுகள் அடித்த இடங்கள், மற்றபடி வெறுமை. மூன்றும் சேர்ந்து, துடைக்காத கண்ணாடியின் அழுக்குபோலத் தெரிந்தன. அண்ணி மேல்தாளை உரித்தார், பிறகு அடுத்ததை. "மூணையும் கூட்டி ஒரே நம்பரா குடுத்துடுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க தம்பி. கூட்டிட்டா ஒண்ணுமே தெரியாது. எது எதனால தெரியலன்னு தனித்தனியா பிரிச்சாத்தான் எங்க தோண்டறதுன்னு சொல்ல முடியும்" என்றார். தோண்ட வேண்டியிருந்தது ஒரு மனிதருக்காக. சித்தேரி மலையில் சரிந்து கிடந்த மண்ணுக்குள் எங்கோ அவர் இருந்தார்.

அண்ணி சேலத்துப் பெண். நில அளவைப் பொறியியல் படித்துவிட்டு, தருமபுரியில் ஒரு தனியார் அளவை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கடத்தூர் கடைவீதியில் உரக்கடை. நான் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்தியாளன், அப்போது திருமணமாகாதவன், சாப்பாடு அண்ணன் வீட்டில். எங்கள் வீட்டில் யாரும் அளந்து பேசிப் பழகியவர்கள் இல்லை. அண்ணியோ அளக்காமல் எதையும் பேசமாட்டார். பஸ் எப்போது வரும் என்று கேட்டால், வரும் நேரத்தோடு முன்னே பின்னே எவ்வளவு ஆகலாம் என்பதையும் சேர்த்தே சொல்வார். "இவ கொழம்புக்கு உப்பு போட்டாலும் கூடக்கொறைய இவ்வளவுன்னு சீட்டு எழுதி வெப்பா" என்று அண்ணன் கிண்டல் செய்வார். "மொதல்ல உங்க கடை தராசுக்கு ஒரு சீட்டு எழுதுங்க" என்று அண்ணி திருப்பிக் கொடுப்பார். தராசுப் பேச்சு வந்ததும் அண்ணனுக்குச் சோற்றில் கவனம் வந்துவிடும்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. செய்திகளில் நாங்கள் வழக்கமாக எழுதும் 'எனக் கூறப்படுகிறது' என்ற முடிப்பைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் கேட்டார். சொன்னவர் யாரென்று தெரியாததால் அப்படி எழுதுகிறீர்களா, சொன்னவரைத் தெரிந்தும் சொன்னது உண்மையா என்று தெரியாததாலா, அல்லது உண்மை என்று தெரிந்தும் வழக்குக்குப் பயந்தா? மூன்றுக்கும் அதே சொல்தான் என்றேன். "அப்ப படிக்கறவங்களுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தெரியாதுதான். அதன் பிறகும் நான் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் நின்றது.

அவருடைய வேலையை எனக்குப் புரியும்படி அவர் விளக்கியது இப்படி. ஒரு சிறிய ட்ரோன் மலையின்மேல் வரிசை வரிசையாகப் பறக்கும். அதன் அடியில் உள்ள கருவி லேசர் ஒளியைக் கீழே வீசிக்கொண்டே போகும். ஒளி எதிலாவது பட்டுத் திரும்பும். திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தூரம் தெரியும். பட்ட இடம் ஒரு புள்ளி. இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து கணினித் திரையில் புகைபோல நிற்கும். மரத்தில் பட்டவை, கூரையில் பட்டவை, மாட்டின் முதுகில் பட்டவை எல்லாம் அதில் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு, தரையில் பட்ட புள்ளிகளின்மேல் ஈரத்துணியைப் போர்த்துவதுபோல ஒரு பரப்பை உண்டாக்குவார்கள். அந்தத் துணியைத்தான் மற்றவர்கள் நிலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "துணிக்கு ஓட்டை கெடையாது தம்பி. புள்ளியே வுழாத எடத்தையும் இழுத்து மூடிக்கும். நமக்கு ஒண்ணும் தெரியாத எடம்தான் பாக்க ரொம்ப வழவழன்னு இருக்கும்."

சித்தேரி மலையில் அவர் முதல்முறை ட்ரோனைப் பறக்கவிட்டது மலைப்பாதையை அகலப்படுத்தும் திட்டத்துக்காக. மாசி மாதம். சாமை அறுவடை எப்போதோ முடிந்து நிலம் வெறுமையாகக் கிடந்தது. ட்ரோன் எழும்பியபோது ஊரே கூடிவிட்டதாம். ஊர்க்கவுண்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "ஏம்மா, அதுக்கு எங்கூட்டு ஓட்டுல எங்க ஒழுகுதுன்னு தெரியுமா? ரெண்டு வருசமா நானும் தேடறேன்" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒருவர், "உங்கூட்டுல ஒழுகாத எடத்தக் காட்டச் சொல்லுங்க, அது சீக்கிரம் முடியும்" என்றாராம். அண்ணி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆண்டு ஐப்பசியில் மலையில் மழை நிற்கவே இல்லை. ஒரு விடியற்காலையில் ஊருக்கு மேலிருந்த சரிவு பெயர்ந்து இறங்கியது. வீடுகள் தப்பின. சரிவின் அடியில் நிலம் வைத்திருந்த ஒருவர் மட்டும், மழைச் சத்தம் மாறுகிறது என்று சொல்லிவிட்டு, பட்டியில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிடப் போனவர், திரும்பவில்லை. நான் அரூரிலிருந்து மலைப் பேருந்தில் போய், பேருந்து நின்றுவிட்ட இடத்திலிருந்து நடந்தேன். முதலில் தெரிந்தது நிறம்தான். பச்சையாக இருந்திருக்க வேண்டிய இடம் முழுவதும் செம்மண். அதில் வேர்கள் மேல்நோக்கி நின்றன. பட்டி இருந்த இடத்தைக் காட்டச் சொன்னபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டினார்கள். அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு மரமும் மிஞ்சவில்லை. அவருடைய மனைவி ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. யாராவது மண்வெட்டியோடு கடந்து போனால் எழுந்து நின்றார், அவர்கள் போனதும் உட்கார்ந்தார்.

மறுநாள் அண்ணி மீண்டும் அந்தச் சரிவின்மேல் ட்ரோனைப் பறக்கவிட்டார். மாசியில் எடுத்த பரப்பு ஒன்று, இப்போது எடுத்தது ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மண் எங்கே குறைந்தது, எங்கே சேர்ந்தது என்று தெரிந்துவிடும். குறைந்த இடம் சிவப்பு, சேர்ந்த இடம் நீலம். படம் தெளிவாகவே வந்தது. மேலே ஒரு பெரிய சிவப்புக் காயம், கீழே ஓடையோரம் அடர் நீலம். எங்கள் பத்திரிகையில் அதை வண்ணத்தில் போட்டார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த வருவாய்த் துறை அதிகாரி அந்த அடர் நீலத்தில் தோண்டச் சொன்னார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மாடுகள் பள்ளம் நோக்கித்தான் ஓடும், மனிதரும் பின்னாலேயே போயிருப்பார். ஒரே ஒரு ஜேசிபிதான் மேலே ஏற முடிந்திருந்தது. அது ஒரு பகல் முழுவதும் தோண்டியது. மாடுகள் கிடைத்தன. அவர் கிடைக்கவில்லை.

அடுத்த மழை வருவதாக எச்சரிக்கை வந்திருந்தது. ஏறி வந்த பாதையின் ஓரமும் உள்வாங்கத் தொடங்கியிருந்ததால், மறுநாள் மாலைக்குள் வண்டியைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று அதிகாரி சொன்னார். இன்னும் ஓர் இடம் தோண்டலாம், அவ்வளவுதான். அதன்பிறகு மண்ணைச் சமன்செய்து பாதையைத் திறப்பார்கள். எந்த இடம் என்று அண்ணியிடம் கேட்டார்கள். அன்று இரவு நான் கடத்தூர் வந்து தூங்கிவிட்டேன். காலையில் மாடிக்குப் போனபோது பார்த்ததுதான் அந்த மூன்று தாள்கள்.

மஞ்சள் தாள், கருவியின் நடுக்கம். ட்ரோன் காற்றில் ஆடுகிறது. அது தான் இருக்கும் இடத்தையே கொஞ்சம் தவறாகக் கணிக்கிறது. அதை அண்ணி கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேல்தளமும், ஊருக்குக் கிழக்கே இருந்த மொட்டைப் பாறையும் மாசிக்கும் ஐப்பசிக்கும் இடையில் எங்கும் போய்விடவில்லை. அவற்றை இரண்டு முறை அளந்ததில் வித்தியாசம் வந்தால், அது கருவியின் வித்தியாசம். அதிகம் இல்லை, ஒரு சாண்கூட இல்லை. பழுப்புத் தாள், நிலத்தின் சொந்தக் குணம். உழுத புழுதியும் கல்லும் கட்டையும் உள்ள இடத்தில் ஒரு முழத்துக்குள்ளேயே மேடும் பள்ளமும் இருக்கும். எத்தனை முறை அளந்தாலும் அது அடங்காது, ஏனென்றால் அது பிழையே இல்லை. மூன்றாவது தாளின் கறுப்புக் கோடுகள், ஒளி தரையைத் தொடாத இடங்கள். உண்ணிச்செடிப் புதர், மூங்கில் தூறு. அங்கே துணியை இழுத்து மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அண்ணிக்கு அந்த மூன்றாவது தாளின்மேல்தான் சந்தேகம். மூங்கில் தூறுகளுக்கு அடியில் ஏதாவது பள்ளம் இருந்து, அது மாசிப் பரப்பில் மூடப்பட்டிருந்தால், அங்கே எவ்வளவு மண் நிறைந்தது என்று கழித்தல் கணக்குக்குத் தெரியாது. ஆனால் தூறுகள் எல்லாம் மாட்டுப் பட்டியிலிருந்து தள்ளி, சரிவின் மறுபக்கத்தில் இருந்தன. அவர் தேடியது கிடைத்தது பழுப்புத் தாளில். காணாமல் போனவரின் நிலத்தின் நடுவே ஒரு நீண்ட பட்டை, சுற்றியுள்ள புழுதியைவிடச் சற்றே அடர்ந்த பழுப்பு. ஆற்றின் படம்போல வளைந்து போனது. மூன்று தாள்களையும் சேர்த்துப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியவில்லை. தனியாக எடுத்தால் தெரிந்தது. மற்ற இடங்களில் புள்ளிகள் மண்ணின்மேல் உட்கார்ந்திருந்தன. இங்கே மட்டும் மெத்தையில் குத்திய ஊசிகள்போலச் சிறிது ஆழம் வரை இறங்கியிருந்தன.

"இதப் பாருங்க தம்பி" என்று அண்ணி கணினியில், மாசியில் எடுத்த புள்ளிகளில் அந்த நிலத்தைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டினார். தரை ஒரு கோடாகத் தெரிந்தது. கோட்டுக்குக் கீழே, ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமான ஆழத்தில், சில புள்ளிகள் இருந்தன. தரைக்குக் கீழே எப்படிப் புள்ளி விழும்? விழாது. தகரத்திலோ தேங்கிய தண்ணீரிலோ ஒளி இரண்டு முறை பட்டுத் தாமதமாகத் திரும்பினால், கருவி ஏமாந்துபோய் நிலத்துக்குள் புள்ளி வைத்துவிடும். அதனால் கணினி அவற்றைக் கேட்காமலே குப்பையில் போட்டுவிடும். இவையும் குப்பையிலிருந்து எடுத்தவைதான். ஆனால் அந்த நிலத்தில் தகரம் இல்லை. மாசியில் தண்ணீரும் இல்லை. இன்னொன்றும் இருந்தது. அந்தப் புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை, மேலே ஓடிய பட்டையின் வளைவை ஒட்டியே கீழேயும் வளைந்து போயின. "தப்பு வரிசையா நிக்காது தம்பி" என்றார் அண்ணி.

பட்டையின் முனையில், தரைக்கு மேலே, இன்னொரு சிறு கூட்டம் புள்ளிகள் நின்றிருந்தன. மரம் என்றும் எடுக்க முடியாமல் தரை என்றும் எடுக்க முடியாமல் கணினி ஒதுக்கியவை. கீழே குறுகல், நடுவில் கொஞ்சம் அகலம், மேலே ஒரு சிறு கொத்து. நான் திரையைப் பார்த்தேன். பிறகு அண்ணியைப் பார்த்தேன். "ஆளு ஒசரம் இருக்குது. ஆளுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். ஆனால் அதற்குமேல் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை. திரையில் அந்த மூலையை மட்டும் தள்ளியே வைத்துக்கொண்டார்.

நாங்கள் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டிக்காரர் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணி நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். அதிகாரியும் ஊர்க்கவுண்டரும் பின்னால் வந்தார்கள். அண்ணி படியில், காணாமல் போனவரின் மனைவியான அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, "அக்கா, உங்க நெலத்துல நடுவுல ஏதாச்சும் பள்ளம் இருந்துதா?" என்று கேட்டார். அந்த அம்மா அதிகாரியைப் பார்த்தார். "இல்லீங்க மேடம். சமநெலம்ங்க" என்றார். அந்தப் பதில் மிக வேகமாக வந்தது. முன்பே பழகி வைத்த பதில் அப்படித்தான் வரும். பேட்டி எடுத்துப் பழகியவனுக்கு அது கேட்கும். ஊர்க்கவுண்டர் தன் துண்டை எடுத்து வேறு தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணி மறுபடி கேட்கவில்லை. பட்டையைக் காட்டத் திரையைத் திருப்பினார். அந்த அம்மா பட்டையைப் பார்க்கவில்லை. விரல் நேராக மூலைக்குப் போனது. "இது யாரு?"

"தெரியலீங்கக்கா. ஆளா இல்லாமயும் இருக்கலாம்."

"அவருதான். மாசில நீங்க அளக்க வந்த அன்னைக்கி அங்கத்தான் நின்னாரு. அந்தப் பூச்சி தலைக்கு மேல போற வரைக்கும் அசையாத நின்னாரு. அசைஞ்சா அதுக்குத் தெரிஞ்சுடும்னாரு."

பிறகு அவர் எழுந்து, அதிகாரியின் முன்னால் போய் நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "சாமி, அங்க பள்ளம் இருக்குதுங்க. நாங்கதான் மூடுனோம். நானும் அவருமா மூங்கில் போட்டு, சாமைத் தட்டு போட்டு, மேல மண்ணு தூவி மூடுனோம்ங்க. அங்க தோண்டுங்க."

அவர்கள் செய்ததை விளங்கிக்கொள்ள அந்த மலையின் நிலக் கவலை தெரிந்திருக்க வேண்டும். சில மழைக்காலங்களாக வெள்ளம் காணாமல் போனவருடைய நிலத்தை நடுவே அரித்து ஓர் ஓடையாக்கிவிட்டிருந்தது. சாலைக்கு அளக்க வருகிறார்கள் என்றதும், மேலிருந்து பார்த்தால் ஓடை தெரியும், தெரிந்தால் ஓடைப் புறம்போக்கு என்று எழுதிவிடுவார்கள், பட்டா நிலம் இரண்டாகக் கிழிந்து நடுப்பகுதி அரசாங்கத்துக்குப் போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் பயந்தார். பரண் போடுவதுபோல ஓடையின் குறுக்கே மூங்கில் அடுக்கி, அறுத்த சாமையின் காய்ந்த தட்டையும் புல்லையும் பரப்பி, புழுதி தூவினார். கண்ணுக்கு அது நிலம். ட்ரோனுக்கும் அது நிலம், தட்டின் இடுக்கு வழியாக உள்ளே போய்த் திரும்பிய சில ஒளிக்கீற்றுகளைத் தவிர. மழை தொடங்கிய பிறகும் அவர் அதைப் பிரிக்கவில்லை. திரும்பவும் அளக்க வருவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

எதைச் சொன்னால் எது போகும் என்று தெரிந்தேதான் அந்த அம்மா சொன்னார். அதிகாரி, "அம்மா, நீங்க இப்ப சொன்னது எடம் காட்டத்தான். நான் வேற எதையும் கேக்கல" என்றார். வண்டியை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்.

நிலத்தின்மேல் முழங்கால் அளவு மண்தான் பரவியிருந்தது. நீலப் படத்தில் அந்த இடம் ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருந்தது அதனால்தான். அதற்குக் கீழே மூங்கில், மூங்கிலுக்குக் கீழே மீண்டும் மண். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் கையால் தோண்டினார்கள். பிற்பகலில் கிடைத்தார். அங்கே நான் பார்த்ததை எழுதப்போவதில்லை, அன்றும் எழுதவில்லை. அவர் கையில் மாட்டுக் கயிறு இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

வண்டி இறங்கத் தயாரானபோது, குழியை மூடிவிடலாம் என்றார்கள். அண்ணி கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, குழியின்மேல் தாழ்வாக ஒருமுறை ட்ரோனைப் பறக்கவிட்டார். யாரும் அதைக் கேட்கவில்லை. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை.

நாங்கள் புறப்படும்போது அந்த அம்மா வந்து அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது 'மேடம்' என்ற அழைப்பு போய்விட்டது. "கண்ணு, ஒண்ணு கேக்கறேன். மண்ணு வந்து அவர அங்க தள்ளுச்சா? இல்ல அதுக்கு முன்னயே இருட்டுல ஓடியாந்து, நாங்க போட்ட மூங்கில்லயே கால வெச்சு வுழுந்துட்டாரா?" கேட்டுவிட்டு, அவரே தாழ்ந்த குரலில், "நடுவுல ஒரு கட்டு நான்தான் கட்டுனேன். தளர்வாத்தான் கட்டுனேன்" என்றார்.

அண்ணி குழி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "தெரியலீங்கக்கா" என்றார்.

"மண்ணு தள்ளியும் இருக்கலாம்ல?"

"இருக்கலாங்க."

இறங்கி வரும் வழியில் நான் செய்தியை மனதுக்குள் எழுதிக்கொண்டு வந்தேன். அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார். அவர் எங்கே இருந்தார் என்பது ஒரு கேள்வி, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. எப்படி அங்கே போனார் என்பது வேறு கேள்வி. "ரெண்டையும் ஒரே வரியில போட்டுடாதீங்க தம்பி. மொதல்லது தெரிஞ்சுட்டதால ரெண்டாவதும் தெரிஞ்ச மாதிரி ஆயிடும்." அன்றைய செய்தியில் நான் ஓர் இடத்திலும் 'கூறப்படுகிறது' என்று எழுதவில்லை. சரிவில் சிக்கியவரின் உடல் அவரது நிலத்தில் மீட்கப்பட்டது என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். மூங்கிலைப் பற்றி எதுவும் இல்லை. துணை ஆசிரியர் செய்தி தட்டையாக இருக்கிறது என்றார்.

சாலை அந்த நிலத்தைத் தொடாமல், சற்று மேலாகவே போய்விட்டது. எல்லாம் முடிந்து போன பிறகு அது தெரிந்தது. இப்போது பேருந்து அந்த வளைவில் திரும்பும்போது கீழே பார்த்தால், ஓடையின் தடம்கூட இல்லை. சரிந்த மண் அதை நிரப்பிவிட்டது, குழியையும் இயந்திரம் சமன்செய்துவிட்டது. அவர் மேலிருந்து பார்க்கிறவர்களுக்குக் காட்ட விரும்பியது போலவே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே நிலம். போன பருவத்தில் சாமை நின்றது. நடுப்பட்டையில் பயிர் கொஞ்சம் உயரமாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தது, அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது.

அண்ணனும் அண்ணியும் ஓசூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அண்ணி இப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் இருக்கிறார். அவருடைய பிரிவில் கணினி ஒதுக்கும் புள்ளிகளை ஒருவர் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறாராம். அதனால் வேலை தாமதமாகிறது என்று அவரோடு வேலை செய்யும் இளைஞர்கள் அலுத்துக்கொள்வதை அண்ணன் கேட்டிருக்கிறார். சமீபத்தில் ஒரு கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். பெரிய திரையில் ஒரு மலையின் மாதிரி சுழன்றது. பிழை இவ்வளவுதான் என்று மூலையில் ஒரே ஓர் எண். அரங்கில் எல்லோரும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். என்னால் அந்த வழவழப்பான சரிவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அங்கே யாராவது அசையாமல் நின்றுகொண்டிருந்தால், இந்தப் படத்தில் தெரியமாட்டார்.

சென்ற ஐப்பசியில் ஓசூர் போயிருந்தேன். மதியம், அண்ணி வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் திறந்திருந்த கணினியில் ஒரு குழி தெரிந்தது. உடனே அடையாளம் கண்டுகொண்டேன். கடைசியாக யாரும் கேட்காமல் பறக்கவிட்டது. குழியின் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த மூங்கில்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறம் கொடுத்திருந்தார். அது ஒருநாள் வேலை இல்லை, எத்தனையோ விடுமுறை நாள்களின் வேலை. ஏறக்குறைய எல்லா மூங்கில்களும் ஒரே பச்சை, ஒரே பக்கம் சாய்ந்து ஒடிந்தவை. நடுவில் இரண்டு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. அவை பக்கவாட்டில் சாயாமல், நேராகக் கீழ்நோக்கி ஒடிந்திருந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் முன்பு கைபேசி அடித்தது.

அண்ணி எடுத்தார். "சொல்லுங்கக்கா" என்றார். அந்த அம்மா ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் கூப்பிடுகிறார் என்று எனக்கு அண்ணன் சொல்லியிருந்தார். என்ன கேட்பார் என்றும் சொல்லியிருந்தார். அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். கண் திரையில்தான் இருந்தது.

"இல்லீங்கக்கா" என்றார். "தெரியலீங்க. பாத்துட்டுத்தான் இருக்கேன். தெரியல."

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். "ஆமாங்க, இருக்கலாங்க. மண்ணு தள்ளியும் இருக்கலாம்" என்றார் அண்ணி. சாப்பிட்டீங்களா என்று விசாரித்துவிட்டு, கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். கணினியை மூடினார்.

"நெசமாவே தெரியலையா அண்ணி?" என்று கேட்டேன்.

அவர் மூடிய கணினியின்மேல் கையை வைத்தார்.

"மலை மேல மழை புடிச்சுடுச்சாம் தம்பி" என்றார்.